கெட்டிலைத் திருப்பிக் கொடுத்த காரணம்

அன்பு மகள் ஜிபிக்கு அப்பா எழுதுவது.

தேவன் தயவில் இங்கே நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது, தோகா வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்பதே எங்கள் நினைப்பு. இது அம்மா எழுத்து இல்லை, பார்த்தாலே தெரியும். சர்ச் ஹாலில் ஜோமோள் டீச்சர் நடத்தும் வகுப்பில் படித்து நானே எழுதுகிறேன், இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. இத்தனை வருடம் உன் அம்மா நாலு பக்கம் எழுதிவிட்டு அடியில் அப்பாவும் விசாரித்தார் என்று ஒரு வரி போடுவாள், அதைப் பார்த்து எனக்கு எரியும், இனிமேல் எரியாது.

இப்போது ஒரு விஷயம், கோபப்படாதே. கிறிஸ்துமஸ் லீவில் நீ வாங்கிக் கொடுத்த கரண்டு கெட்டிலை மூணாறு கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது கெட்டுப்போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் அடுப்பை ஊதி, இஞ்சி தட்டிப் போட்டு, பாலில்லாத கட்டன் தேத்தண்ணியை அம்மாவின் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முந்தின நாள் தேயிலைக் கொழுந்துக் காட்டில் நடந்ததையெல்லாம் சொல்லுவாள், கங்காணி யாரைத் திட்டினார், யார் யாரோடு பேசவில்லை, எல்லாம் எனக்குத்தான் முதலில். கெட்டில் வந்தபிறகு நான் எழுவதற்குள் அவளே போட்டுக் குடித்துவிடுகிறாள். அது டக்கென்று நின்றால், "இந்தா வந்துட்டேன் ராசா" என்கிறாள். என்னை ஒருநாளும் ராசா என்றதில்லை. பக்கத்து வீட்டு பிலோமி வேறு டம்ளரோடு வந்து உட்கார்ந்துவிடுவாள், கதையெல்லாம் அவளுக்குப் போய்விட்டது. நான் போர்வைக்குள் கிடந்து பாதி வார்த்தையைக் கேட்பேன்.

ஒரு மாதம் பொறுத்தேன். அம்மா வேலைக்குப் போனதும் கெட்டில் பெட்டியோடு பஸ் ஏறினேன். கடையில் டின்சி என்ற பிள்ளை, நம் எஸ்டேட்டுப் பக்கம்தான், ஒரு ஃபாரத்தை நீட்டி, "கம்ப்ளைன்ட் இருந்தாத்தான் எடுப்போம் தாத்தா, சூடாகலன்னு எழுதுங்க, நானே எழுதட்டுமா" என்றாள். எனக்கு எழுதத் தெரியும் என்று பேனாவை வாங்கினேன். வகுப்புக்கு வெளியே நான் எழுதும் முதல் எழுத்து, அதில் பொய் எழுத மனம் வரவில்லை. சாமான் நல்ல சாமான், என் வேலையை எடுத்துக்கொண்டது, எனக்கு அதன்மேல் பொறாமை, ஏசுரத்தினம், என்று எழுதினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் அவசரப்படவில்லை. டின்சி படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு முதலாளி ஜின்சனைக் கூப்பிட்டாள். அவருக்குத் தமிழ் படிக்க வராது, அவள் சத்தமாக வாசித்தாள், கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "என் வீட்டுலயும் இதே கதைதான், எடுத்துக்கம்மா" என்றார். பதிலுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி எடுத்துவந்தேன். நம் வீட்டில் யாரும் துணி தேய்ப்பதில்லை, அதனால் அதன்மேல் பொறாமை வராது.

அம்மா வந்ததும் கெட்டில் எங்கே என்று ஒரே சத்தம். கடையில் தந்த ஃபாரத்தின் நகலைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். "இத வாயால சொன்னா என்ன, முத்தா கொட்டிரும்? ஊரு சிரிக்க கடையில போயா எழுதுவீங்க" என்றாள். மறுநாள் விறகு ஈரம், தேத்தண்ணி கொதிக்க நேரமாகிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை, கட்டிலிலேயே உட்கார்ந்து குடித்து, கதையை முழுக்கச் சொல்லி முடித்துத்தான் போனாள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்ட பிறகு போய் நின்றாளாம், கங்காணி கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரரு தேத்தண்ணி தர லேட்டு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். பிலோமி வந்து சொன்னாள், அவள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை, எனக்கு மிகவும் சந்தோஷம்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்தால் தூங்கு. கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காப்பார். பதில் போடும்போது உறைமேல் என் பெயரை எழுது, அம்மா பெயர் இருந்தால் அவள்தான் பிரிப்பாள். எழுத்தைப் பெரிதாக எழுது. அம்மாவையும் விசாரித்ததாக அடியில் ஒரு வரி போட்டால் போதும்.

உன் அப்பா,
ஏசுரத்தினம்
பள்ளிவாசல்