கன்னத்துக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று

செவ்வாய் இரவு.

மத்திகிரியில் புதுவீட்டு விருந்து. தாடை மூட்டு கெட்டதிலிருந்து என் இடது கன்னம் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்து, பிறகு மரத்துப்போகிறது. பாயசம் வாயோரம் ஒழுகியதே தெரியவில்லை.

நாத்தனார் சரோஜா பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "எங்க அண்ணிக்கு ஊர்வம்பு பேசிப் பேசி வாயே தேஞ்சுபோச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், தாடை பிடித்துக்கொண்டது. நானாவது, பேசாமல் இருப்பதாவது!

வரும் வழியில் மாரியம்மன் கோயில் வாசலில் காணிக்கைக்கு வெள்ளித் தகடு வாங்கினேன். எனக்கு முகம் பதித்தது. கூடவே நாக்கு பதித்தது ஒன்று.

"நாக்குல யாருக்குக்கா நோவு?" என்றாள் கடைக்காரி.

"எங்க நாத்தனாருக்கு. நோவு இன்னும் வரல."

இரண்டையும் உண்டியலில் போட்டுக் கும்பிட்டேன். "என் கன்னம் மெதுவா ஆகட்டும் தாயே. அவளத மொதல்ல பாரு."