இரண்டாவது ரீஸ்டார்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? பதினோரு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

"அம்மாவ தனியா விட்டுட்டு எங்கடி போனே?" என்று கடைசியாகப் பேசியபோது கேட்டாய். அதற்குப் பதில் இது. அம்மா நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். நான் கீழே சர்வர் அறையில் இருந்தேன்.

அன்று காலை எட்டரைக்குக் கரண்ட் போய் வந்தது. சர்வர் வந்துவிட்டது, அதிலிருக்கும் டைரக்டரி சர்வீஸ் மட்டும் கிளம்பவில்லை. கம்ப்யூட்டருக்குள் யார் யார் நுழையலாம் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல், யாருக்கு என்ன மருந்து என்று டாக்டராலும் பார்க்க முடியாது. மேனேஜர் மாடிக்கே ஓடி வந்தார். அம்மாதான் என் கையை விட்டாள். "போயிட்டு வா, நான் எங்க எந்திரிச்சு ஓடப் போறேன்" என்றாள்.

கையால் கிளப்பிவிட்டேன், ஓடியது. அப்போதே மேலே போயிருக்கலாம், அக்கா. ஆனால் மறுபடி கரண்ட் போனால் மறுபடி படுத்துக்கொள்ளுமே என்று காரணத்தைத் தேடினேன். நெட்வொர்க் வருவதற்கு நாலு விநாடி முன்பே அது கிளம்பி, இணைப்பைக் காணாமல் நின்றுவிடுகிறது. நெட்வொர்க் வந்தபின் கிளம்பும்படி மாற்றி எழுதினேன். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தேன். வரவில்லை. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். திருத்திவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பினால் வாசலில் அம்மாவின் நர்ஸ் நிற்கிறாள். நான் சிரித்துக்கொண்டே "என்ன சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அம்மா போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்ததாம். அம்மா இரண்டு முறை "சின்னவ வந்துட்டாளா?" என்று கேட்டிருக்கிறாள். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நீ வர முடியாத தூரத்தில் இருந்தாய். நான் மூன்று மாடி தூரத்தில் இருந்தேன்.

நேற்றும் கரண்ட் போனது. எல்லாம் தானாகவே வந்துவிட்டது. யாரும் கவனிக்கக்கூட இல்லை.

அம்மாவின் அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை. நீ வந்த பிறகு திறக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. திட்டுவதற்காகவாவது ஒரு முறை கூப்பிடு, அக்கா. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்
சின்னவள்