பதினேழாம் வரியில் இருந்த குழம்பு

அன்புள்ள தங்கைக்கு,

ஆய்வுக்கூடத்துப் பதிவு மேஜை அக்கா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். உன் அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? உன் வீடு மூன்றாவது மாடி என்று அம்மா சொல்லியிருக்கிறார். படி ஏறி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல். சொன்னால் கேட்க மாட்டார், தெரியும். இருந்தாலும் சொல்.

போனை எடுத்தால் முடிகிற வேலைக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனில் நான் நன்றாகச் சமாளிப்பேன். ஒரு தடவை உன்னிடமே சமாளித்திருக்கிறேன். அதனால்தான் அலுவலகத்தில் இருந்த அம்மாவின் கோப்பைத் திறந்து உன் முகவரியை எடுத்தேன். அப்படி எடுப்பது தப்பு. அதைவிடப் பெரிய தப்பைச் சொல்ல வந்தவள் இதற்கெல்லாம் யோசித்தால் ஆகாது.

இங்கே கழுவும் அறைக்கு அம்மாவின் இடத்தில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவர் குடுவைகளை அடுக்கினால் மூன்று அறைக்குச் சத்தம் கேட்கிறது. குடுவைகளைக் கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்தின் கதவு அம்மா வேலையை விட்டுப் போனதிலிருந்து சண்டித்தனம் செய்கிறது. அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டதால்தானே அம்மாவுக்கு ஆவியக்கா என்று பெயர் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் இதை ஆவியக்காகிட்ட கொண்டு போங்க என்று சொன்னால் ஒரு நிமிஷம் முழிப்பார்கள். அம்மா அதை ரசிப்பார், வேண்டுமென்றே கதவுக்குப் பின்னால் நிற்பார். உன் அம்மா எனக்கும் அக்கா, நான் உனக்கும் அக்கா. அலுவலக உறவுமுறையை அலசப் போனால் தலை சுற்றும்.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு முன்னால் நாங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். முந்தைய வருஷ விருந்துக்கு ஏழு பேர் கேக் கொண்டுவந்தார்கள், சோறு கொண்டுவர ஆளில்லை. இந்தத் தடவை அந்தக் கூத்து கூடாது என்று தலைமை டாக்டர் பொறுப்பை என் தலையில் கட்டினார். பட்டியல் போடுவதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். இணையத்தில் ஒரு ஷீட் திறந்தேன். பெயர், பதார்த்தம், எத்தனை பேருக்கு என்று மூன்று கட்டம் போட்டு, அவரவரே நிரப்பும்படி எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். கழுவும் அறையையும் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதுவரை பதினோரு வருஷமாக மிச்சத்தை மூடி வைத்து அம்மாவுக்கு அனுப்பி வந்தோம். அதில் என்ன தப்பு என்று எங்களில் யாரும் யோசித்ததுகூட இல்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கையுறையைக் கழற்றிவிட்டு, என் பேருக்கும் ஒரு இடம் இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றதும், எனக்கு இந்த ஷீட்டு கீட்டெல்லாம் வராது, என் பொண்ணுக்கு அனுப்பிடுங்க, அவ போட்டுடுவா என்றார். உனக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே பதினேழாம் வரியில் அம்மாவின் பெயரும், கோழிக் குழம்பு என்றும், இருபத்தைந்து பேருக்கு என்றும் எழுதியிருந்தாய். நாங்கள் இருப்பதே இருபத்திரண்டு பேர்தான்.

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு நான் அந்தக் குழம்பை அழித்துவிட்டு, காகிதத் தட்டு, டம்ளர் என்று மாற்றினேன்.

யாரோ கை தவறி அழித்திருப்பார்கள் என்று நீ நினைத்திருப்பாய். மதியம் மறுபடி கோழிக் குழம்பு என்று எழுதினாய். மூன்று மணிக்கு நான் மறுபடி மாற்றினேன். அப்போதுதான் நீ போன் செய்தாய். பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்போது எல்லாம் கலைந்துவிட்டது, ஷீட்டில் என்னவோ கோளாறு, குழம்பு வேறு ஒருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், தட்டுக்குத்தான் ஆளில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஒரு கோளாறுக்கு இத்தனை காரணம் சொன்னாலே எங்கப்பன் குதிருக்குள் இல்லை கதைதான். நீ சரிக்கா என்று மட்டும் சொன்னாய்.

அந்த ஷீட்டில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று காட்டுகிற பக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது அப்போது தெரியாது. நாள் முழுக்கப் பதிவுதான் வேலை என்று உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாதது ஒரு கேவலம். விருந்து முடிந்து இரண்டு நாள் கழித்துத் தற்செயலாகத் திறந்தேன். இரண்டு இடத்தில் என் பெயர், நேரம், கோடு போட்டு அடித்த கோழிக் குழம்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், அதுவும் ஊருக்கே திறந்து வைத்த சோற்றில். நீ அதை அப்போதே பார்த்துவிட்டுத்தான் போன் செய்தாய் என்று நினைக்கிறேன். அந்த சரிக்காவை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அம்மா அந்த அறையில் என்னென்ன கழுவினார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். சளிக் குப்பி, சிறுநீர்க் குப்பி, இன்னும் சொல்லக் கூசும் குப்பிகள். நாலு பேர் அந்தக் குழம்பைத் தொடமாட்டார்கள், கொண்டுவந்த பாத்திரம் அப்படியே திரும்பிப் போகும், அம்மா மனசு நொந்துபோவார், அதை நான் தடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். யாரு அந்த நாலு பேரு என்று கேட்டார். எரிந்து விழுந்தேன். எங்க ஆபீஸைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, அவருக்கு வைத்த காபியை நானே குடித்தேன்.

தங்கச்சி, நாலு பேர் இல்லை. ஒருவர்கூட என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அருவருத்தது என் வயிறுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா கழுவிய குடுவைகளை மாதாமாதம் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து, கிருமி முளைக்கிறதா என்று இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள். முடிவைப் பதிவேட்டில் ஏற்றுகிறவள் நான்தான். பதினோரு வருஷத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே 'வளர்ச்சி இல்லை' என்பதைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. ஒரு தடவை விளையாட்டாக எங்கள் மேஜைகளையும் துடைத்துப் பார்த்தார்கள். என் கீபோர்டில் தோட்டமே முளைத்தது. டாக்டர் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். இந்தக் கட்டடத்திலேயே சுத்தமான கை யாருடையது என்று எழுத்தில் தெரிந்த ஒரே ஆள் நான், அப்படியிருந்தும் இப்படிச் செய்தேன்.

விருந்தன்று அம்மா இஸ்திரி போட்ட உடுப்பில் வந்தார். முப்பது தட்டு, முப்பது டம்ளர், யாரும் கேட்காத கை துடைக்கும் காகிதம் ஒரு கட்டு. தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடுக்கினார். நான் கொண்டுபோன காய்கறிச் சாதம் அடிப்பிடித்திருந்தது. அதை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு காரமெல்லாம் சரியா இருக்கு என்றார்.

அப்போது ஆஸ்பத்திரிகளிலிருந்து மாதிரிகளை எடுத்துவரும் வேன் டிரைவர் தட்டோடு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆவியக்கா கோழிக் குழம்புன்னு ஷீட்டுல பாத்தேனே, அதுக்காகவே காலையில சாப்பிடாம வந்தேன், எங்க அது என்று சத்தமாகக் கேட்டார். நானும் பாத்தேன் என்று பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சொன்னார்கள். நான் சாதத்தைக் கிளறுவதுபோல் குனிந்துகொண்டேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டார். எனக்குத்தான்பா நேரமில்ல, நான்தான் மேடத்துகிட்ட சொல்லித் தட்டுன்னு மாத்திக்கிட்டேன் என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தனை பேர் முன்னால், நல்ல பிள்ளை மாதிரி.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா எல்லோர் பாத்திரத்தையும் கழுவிக் கொடுத்தார். என் பாத்திரத்தில் பிடித்திருந்ததைச் சுரண்டி எடுத்ததும் அவர்தான். நான் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தேன். பத்து நிமிஷம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துண்டு ஈரமாகிவிட்டது, வேறு துண்டு எடுத்து வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவில்லை. விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே அம்மா வேலையை விடுவதாகச் சொன்னார். முழங்கால் முடியல, மக கூப்பிடறா என்றார். அதையும் நான்தான் பதிந்தேன். காரணம் என்ற கட்டத்தில் உடல்நிலை என்று எழுதினேன்.

அம்மாவுக்குத் தெரியுமா? இதுதான் என்னை அரிக்கிறது. நான் சொன்ன கோளாறுக் கதையையே நீ அவரிடம் சொல்லியிருந்தால், என் வேலையில் பிழை என்று யாரும் பேசக்கூடாதென்று காப்பாற்றியிருக்கிறார். நடந்ததைச் சொல்லியிருந்தால், தெரிந்தே காப்பாற்றியிருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் என் மானம் போகாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். முழங்கால் வலியாலா, என்னாலா, எதனால் வேலையை விட்டார் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

டிரைவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து மாதிரிப் பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். முன்பெல்லாம் மட்டமான ஜோக் ஒன்றாவது சொல்லாமல் போகமாட்டார். மற்றவர்களிடம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். போன திங்களும் இதையேதான் நினைத்தேன், வாய் வரவில்லை. இந்தத் திங்கள் சொல்லிவிடுவேன்.

முதலில் உனக்கு எழுத உட்கார்ந்தபோது, அம்மாவுக்குத் தெரியாதென்றால் தெரியாமலே இருக்கட்டும், படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு என்று கேட்கத்தான் நினைத்தேன். வயசான காலத்தில் அவர் மனசு நோகக்கூடாது என்று உருக்கமாக ஒரு பக்கம் எழுதவும் எழுதினேன். திரும்ப வாசித்தால் அதே குரல். அவர் மனசு நொந்துபோவார் என்று சொல்லித்தானே குழம்பையும் அழித்தேன். அந்தப் பக்கத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

ஆகவே தங்கச்சி, இதை நீ அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், என் கையெழுத்து பிடிபடாது. முதல் வரியிலிருந்து, எதையும் விட்டுவிடாமல் வாசி. என் வயிற்றைப் பற்றி எழுதிய இடத்தில் உனக்குக் கோபம் வரும், வரட்டும், அங்கேயும் நிறுத்தாதே. கேட்டு முடித்ததும் அதனால என்ன, பாவம், விடு என்று சொல்வார். அவர் குணம் அது. அதை எனக்கு எழுதி அனுப்பாதே.

உன் குழந்தை நோய்நொடி இல்லாமல் நன்றாக வளரட்டும், உங்கள் வீட்டில் எல்லோரும் நிறைவாக இருங்கள். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து, அம்மா தானாக என் பேச்சை எடுத்தால் அப்போது எழுது. திட்டினார் என்றால், ஒரு சொல் மாற்றாமல் எழுது.

வெட்கத்தோடு,
பதிவு மேஜை அக்கா