வெள்ளையாக விட்ட இடம்

மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைக்கிறேன். சந்தனம் இழைப்பது போலத்தான். ஆனால் வருவது கற்பூர வாசம். நீ போன பிறகு இந்த வாசம் வந்தால் என்னால் மூச்சை முழுதாக இழுக்க முடிவதில்லை.

கட்டுகஸ்தோட்டை டவுனில் ஒரு துணிக்கடையில் நாம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்தவள். யாராவது விலை கேட்டாலே உன் பின்னால் ஒளிந்துகொள்வேன். "இவ வாய் லீவுல போயிருக்கு, எங்கிட்ட கேளுங்க" என்று நீ சமாளிப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹந்தானை மலைக்குப் போவாய், உன் அம்மா வீட்டு வேலை செய்த ஜப்பான்கார அம்மாவிடம். அங்கேதான் தூரிகை பிடிக்கப் பழகினாய். ஜப்பானுக்குத் திரும்பும்போது கல்லையும் மையையும் அவர் உனக்கே விட்டுப் போனார்.

நீ வரைந்த ஓவியச் சுருளைக் கடையின் பின்னறையில், சேலைப் பெட்டிகளின் மேல் விரித்துக் காட்டினாய். கீழே பாறை, இரண்டு பைன் மரங்கள், ஒற்றைப் பாதை. மேலே ஒரு மலையுச்சி. நடுவில் பாதித் தாள் வெறுமையாக இருந்தது.

"இன்னும் முடிக்கலையா?"

"முடிச்சிட்டேன்டி. அது மலைய மூடுற பனி. மை படாம விட்டாத்தான் பனி வரும்."

அந்த மலையை ஜப்பான் அம்மா தன் ஆசிரியரின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தாராம். அந்த ஆசிரியர் தன் ஆசிரியருடையதைப் பார்த்து. "இவங்கள்ல யாரும் அந்த மலையப் பாத்ததே இல்லையாம். கை மாறிக் கை மாறி எங்கிட்ட வந்திருக்கு. தேயிலத் தோட்ட லயத்துல பொறந்தவளுக்கு ஜப்பான்ல ஒரு தாத்தா, பாத்தியா?" என்று சிரித்தாய். பிறகு தூரிகையை என் கையில் திணித்தாய். நான் பாறை போட்டால் உருளைக்கிழங்கு என்பாய். "பரவால்ல, இன்னொன்னு போடு."

பாறையைத் தாண்டி நான் மலைக்கு வருவதற்குள் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பதினாறாம் நாளுக்கு வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா சுருளை மடியில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் பசையும் உன் போட்டோவும்.

"நடுவுல இவ்வளவு எடம் சும்மாதானே கெடக்கு. இங்க ஒட்டி மாட்டிட்டா, வர்றவங்களுக்கு இது அவ வரஞ்சதுன்னு தெரியும்."

சுற்றிலும் உன் சொந்தக்காரர்கள். ஒளிந்துகொள்ள நீ இல்லை. அந்த மலையை எப்படி வரைவது என்று பார்த்துப் பழக எனக்கு இந்த உலகத்தில் வேறு தாள் இல்லை.

"வேணாம் அத்த. அது பனி. அவ வேணும்னே விட்ட எடம்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொறந்ததுலேருந்து பனியத்தான் பாக்குறேன் புள்ள. எனக்கு எம்மக மொகந்தான் வேணும். இத நீயே வச்சுக்க." சுருட்டக்கூட இல்லை, அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது தினமும் உன் மலையைப் பார்த்து வரைகிறேன். உச்சியின் இடப்பக்கக் கோடு எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. நீ மெதுவாக இழுத்தாயா, ஒரே மூச்சில் விட்டாயா? காய்ந்த மை சொல்ல மாட்டேன் என்கிறது. ஜப்பான் அம்மா எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. எத்தனையோ கை தாண்டி வந்தது என் கையோடு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறதடி. பிழையாக வரைகிறேன் என்று தெரிகிறது. எங்கே பிழை என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பிழையோடுதான் மலை இப்போது என்னிடம் இருக்கிறது.