பிடுங்கிய பிளக்

டாஃபின், மனிடோபா
பிப்ரவரி 9

அன்புள்ள ஒரெஸ்டுக்கு,

உன் லேசியா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் தேறி வருவதாக நர்ஸ் சொன்னாள். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரி, சரி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கோபத்தில்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

அடுப்பும் படுக்கையுமாகக் கொல்லையில் நிற்கும் நம் மோட்டார்ஹோம் வண்டியின் பேட்டரி சாகப் பார்த்தது. உனக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்பு நீயே கராஜிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜர் மாட்டி வைத்தாய். பனி இடுப்பளவு கிடந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன வாரம் சர்ச்சில் பெரோகிக் கொழுக்கட்டை வேகவைக்கப் பெரிய பாத்திரம் வேண்டியிருந்தது. வழி வெட்டிக்கொண்டு போய் வண்டிக்குள் ஏறி சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை.

கராஜில் போய்ப் பார்த்தேன். நம் ஒயர் தரையில் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த உன் மகன் டாரஸ், தன் டிரக் எஞ்சின் உறையக் கூடாதென்று நம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் எஞ்சின் ஹீட்டர் பிளக்கை மாட்டியிருக்கிறான். திரும்ப மாட்டாமலே போய்விட்டான். வண்டிக்குள் எந்நேரமும் ஓடும் கேஸ் கசிவு அலாரம் மிச்சம் மீதியையும் உறிஞ்சிவிட்டது. நிறைந்த பேட்டரி குளிரைத் தாங்கும், காலியானதுதான் உறைந்து வெடிக்கும் என்று வருஷா வருஷம் சொல்லி என் காதைத் துளைத்தது நீதானே?

டாரஸைக் கூப்பிட்டுத் திட்டினேன். "அம்மா, நான் ஒண்ணும் மறக்கல. அப்பாதான் மாட்ட வேணாம், விட்டுடுன்னாரு. பிராண்டன்லேர்ந்து ஒருத்தர் வண்டிய வாங்க வராரு. இனிமே அதை யாரு ஓட்டப்போறா, நீயா?" என்றான்.

சிரித்துக்கொண்டே கேட்டான், ஒரெஸ்ட். இந்த ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேனே, அதில் போய்ப் படித்தவன் கேட்கிறான்! அவனைச் சொல்லி என்ன? அத்தனை வருஷத்தில் நீ ஒருநாளாவது நம் வண்டியின் ஸ்டியரிங்கை என்னிடம் தந்தாயா? பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்துத் தந்ததுதான் நான் கண்டது.

பேட்டரியின் கறுப்பு ஒயரை முதலில் கழற்றினேன், நீ சொன்னபடியே. பேரப்பிள்ளைகளின் பனிச்சறுக்கு வண்டியில் பேட்டரியை வைத்து இழுத்துவந்து, ஒவ்வொரு படியாக நிலவறைக்கு இறக்கினேன். நல்லவேளை, உப்பவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. குளிர் விட்டதும் சார்ஜ் போட்டேன். பச்சை விளக்கு வந்ததும் கொண்டுபோய் மாட்டினேன்.

சனிக்கிழமை அந்த பிராண்டன் ஆள் வந்தார். "பேட்டரி செத்த வண்டின்னாங்க, அதான் கொறச்சு கேட்டேன்" என்றார். நான் சாவியைத் திருகினேன். ஒரு முக்கல்கூட இல்லாமல் எஞ்சின் ஓடியது. விற்பதற்கில்லை என்றேன்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?"

"அவரு என்கிட்ட கேட்டாரா?" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அது உன் வண்டி மட்டும்தானா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கைவிட்டாய்? ஆஸ்பத்திரியில் உனக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் போன் செய்தாள். இடது காலைத் தூக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாயாமே. அதைக் கேட்டபிறகுதான் நீ வண்டியை மட்டும் கைவிடவில்லை என்று புரிந்தது. அன்றைக்கு நான் அழுதேன். இனி அழமாட்டேன்.

மே மாதம் பனி உருகியதும் ஏரிக்குப் போகிறோம். நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரி. வண்டிப் படி உயரம் என்பது உனக்குத் தெரியும். பேட்டரியை என்னால் தூக்க முடிந்தது, உன்னைத் தூக்கி ஏற்ற முடியாது. நீயேதான் ஏறி வர வேண்டும்.

அந்தக் காலுக்குக் கடவுள் பலம் கொடுக்கட்டும். பிளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்கு அந்தப் பெண் வந்ததும் காலைத் தூக்கு, ஒரெஸ்ட்.

கோபம் தீராத உன்
லேசியா