சமாதானம் வாங்கிய கை

ஞாயிறு, இரவு

இன்று ராஜபாளையம் சபையில் மருமகன் சாட்சி சொன்னான். என் மகளைத் தள்ளிவைத்துவிட்டு வேறொருத்தியோடு நான்கு வருடம் இருந்தவன். அழுதான். ஆண்டவர் தன்னை மன்னித்துவிட்டார் என்றான். சபை ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மகளை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருவிருந்துக்கு முன் போதகர் கைகொடுத்துச் சொன்ன சமாதான வாழ்த்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வந்தது. அவன் என்னிடம் இரண்டு கையையும் நீட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

வாசலில், "நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வாரேன் மாமா. அவளக் கூட்டிட்டுப் போறேன்" என்றான், கடையில் வைத்துவிட்டுப் போன பையைக் கேட்பவனைப் போல.

பஸ்ஸில் மகள் மெதுவாகச் சொன்னாள். "ஆண்டவர்கிட்ட கேட்டாச்சு, சபைகிட்ட கேட்டாச்சு. எங்கிட்ட அவிய இன்னும் ஒரு வார்த்த கேக்கலையே. அதுக்குள்ள நீங்க எதுக்குப்பா கை குடுத்தீய?"

"அம்புட்டுப் பேர் முன்னால எப்படிம்மா மறுக்க?"

"அப்ப அம்புட்டுப் பேருக்குத்தான் குடுத்திருக்கீய."

நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒருவன் அடுத்தவன் சிலேட்டை உடைத்துவிட்டு என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டால், "சிலேட்டு யாருதுலே? அவன்கிட்டப் போய்க் கேளு" என்பேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே அது புரியும்.

நாளை அவனிடமும் அதையே சொல்லலாம். அவளிடம் மன்னிப்புக் கேட்பான். அவள் மாட்டேன் என்றால், இனி கல்நெஞ்சக்காரி அவள்தான். பெத்த அப்பாவே சமாதானம் வாங்கிட்டாரே என்பார்கள்.