அம்மாவுக்கு நீ வெளியே போயிருக்கிறாய்

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

முதலில் என்னை மன்னித்துக்கொள். இப்படி ஒரு கடிதம் எழுதினாலே நீ இறந்துவிட்டாய் என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். நம் வீட்டில் அந்த வார்த்தையை இன்னும் யாரும் சொல்லவில்லை. உன் படத்துக்கு மாலை இல்லை, உனக்குக் கருமாதி நடக்கவில்லை. தெருவில் யாராவது வாய் தவறி "தினேஷ் இருந்தப்போ" என்று ஆரம்பித்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அதனால்தான் நம் வீட்டுக்கு வராத ஒரு பத்திரிகையில் இதை எழுதுகிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு இன்றுதான் வசதியாக இருக்கிறது. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். கடற்கரை டென்ட்டிலேயே வைத்துவிட்டுப் போனாயே, அந்த போன் அலமாரிமேல் எப்போதும் சார்ஜில் இருக்கிறது. நீ எந்தக் கரையில் ஒதுங்கியிருந்தாலும் உனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான் என்கிறாள் அம்மா. அதில் இப்போது கூப்பிடுவது பேங்க்காரர்கள் மட்டும்தான்.

"தினேஷ் சார் இருக்காருங்களா?"

"வெளிய போயிருக்கான்மா. வந்ததும் சொல்றேன். நீ சாப்ட்டியா?"

கடன் வேண்டுமா என்று கேட்கக் கூப்பிட்ட பெண், போன வாரம் தன் மாமியாரைப் பற்றி வெகுநேரம் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். அம்மா ஆறுதல் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் மனைவி தலை நிமிரவே இல்லை.

நீ கிளம்பிய அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? தோல் கம்பெனி கட்டிங் செக்‌ஷன் கூட்டாளிகளோடு இரண்டு நாள் கடற்கரையில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறாய், கயாக்கில் மீன் பிடிக்கப் போகிறாய். கயாக் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள்.

"பிளாஸ்டிக் ஓடம்மா. ஒருத்தன் உக்காந்து துடுப்பு போட்டுக்கினே தூண்டில் போடலாம்."

"மீனு மார்க்கெட்லயே கெடைக்குதேடா."

"மார்க்கெட் மீனு தூண்டில்ல மாட்டாதும்மா."

சிரித்துக்கொண்டே போனாய். ஏரியில் தூண்டில் போட்டு வளர்ந்தவன், கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவன். உனக்கு என்ன ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். "வனி, கடலு இன்னா இப்டி கீது? அலையே இல்ல. நம்ம ஏரிதான் இதவிட ஜாஸ்தி ஆடும். பயமா இருக்கும்னு சும்மா கத வுட்டானுங்க." பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள். நீ "வர்றேன்டா" என்கிறாய். அதோடு முடிகிறது.

மீதியை உன் தோஸ்த் யூசுப் அண்ணன்தான் சொன்னார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார். "லைஃப் ஜாக்கெட்ட எல்லாரும் போட்டோம், வனிதா. போட்டோ எடுத்தோம். எடுத்து முடிச்சதும், 'ஆடிட் முடிஞ்சிடுச்சுடா, கழட்டுங்க'ன்னான். எல்லாரும் சிரிச்சோம். கழட்டிட்டோம்."

வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிரிப்பு புரியாது. நம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் சிலவற்றில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் பீரோவிலிருந்து கையுறையும் மாஸ்க்கும் வெளியே வரும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் அவை மறுபடி பீரோவுக்குள் போய்விடும். அப்பா கையுறை போட்டு நானோ நீயோ பார்த்ததில்லை. தோலை இழுத்து இழுத்து வெடித்துப்போன அந்தக் கைகளால்தான் நமக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். பாதுகாப்பு என்பது பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டுக்கொள்வது என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை அண்ணா. பார்த்தே கற்றுக்கொண்டாய். உன்னை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். நீ மட்டும் இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் தூரம் என்று போனாயாம். மீனவர்கள் படகு எடுத்துத் தேடினார்கள். கடலோரக் காவல்படை தேடியது. கயாக் கிடைத்தது. அதில் நீ கட்டி வைத்திருந்த தூண்டில் கிடைத்தது. நீ கிடைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நம் வீட்டில் கஷ்டம் உன்னைப் பற்றியது மட்டும் இல்லை, அண்ணியைப் பற்றியதும்தான். அவள் அம்மா வீட்டிலிருந்து கூப்பிட வந்தார்கள். அம்மா விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அண்ணிக்குத் தலை வாரி, பூ வைத்து, நெற்றியில் குங்குமம் வைத்துவிடுகிறாள். தன் பிள்ளை வரும்போது மருமகள் களையோடு இருக்க வேண்டுமாம். அண்ணி பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

ஒருநாள் துணி காயப்போடும்போது என்னிடம் கேட்டாள். "நான் பொண்டாட்டியா, இல்ல தாலி அறுத்தவளா? ஏதாவது ஒண்ணு சொல்லு வனிதா. இப்டி நடுவுல நிக்க முடியல. நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா அத்தை கேப்பாங்க."

நம் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். சத்துவாச்சாரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறேன். யார் யார் வீட்டுக் கெட்ட செய்தியோ தினமும் என் விரல் வழியாகத்தான் போகிறது. ஆனால் அதை வாயால் சொல்வது டாக்டர். நான் கவரில் போட்டு நீட்டுவேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அம்மாவுக்கு எதைக் கவரில் போட்டு நீட்டுவது?

அந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அண்ணிதான் சொன்னாள். அவளுடைய சிநேகிதி கல்யாணம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். யூசுப் அண்ணன் கார் எடுத்து வந்தார். ஆரணி தாண்டியதும் ஒரு புளியமரத்தைக் காட்டி, "இங்கதான் அவன் வாந்தி எடுத்தான். கடலப் பாக்கறதுக்கு முன்னாடியே ஒனக்குக் கப்பல் மயக்கமாடான்னு கிண்டல் பண்ணிக்கினே போனோம்" என்றார். அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

நீ தங்கிய சவுக்குத் தோப்பில் நாங்களும் டென்ட் எடுத்தோம். கல்லூரிப் பசங்கள் பாட்டு போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் உன்னைத் தெரியாது. மத்தியானம் இலை போட்டு, பொரித்த சங்கரா மீன் வைத்தார்கள். நம் வீட்டில் அன்றிலிருந்து கடல் மீன் வாங்குவதில்லை அண்ணா. ஏன் என்று யாரும் பேசியதில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் இலையை ஒதுக்கினேன். யூசுப் அண்ணன் எழுந்து போய்விட்டார். அண்ணி மட்டும் கொஞ்ச நேரம் அந்த மீனையே பார்த்தாள். பிறகு பிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள்.

"அப்டிப் பாக்காத வனிதா. எனக்குப் பசிக்குது. நான் உயிரோடதான கீறேன்."

உனக்குக் கோபம் வருகிறதா? எனக்கு வரவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நான் கயாக்கில் ஏறினேன். ஆம், நான்தான். பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கேட்கக் கூச்சப்படுகிறவள். இரண்டு பேர் உட்காரும் கயாக், பின்னால் அந்த முகாமில் வேலை செய்யும் மீனவர் ஒருவர். ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிக்கொண்டேன். நீ சொன்னது உண்மைதான், அலையே இல்லை. கரைப் பக்கமிருந்து மெல்லிய காற்று. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது. அவர் ஒரு தூண்டிலை என் கையில் கொடுத்தார்.

கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, துடுப்பு போடாதீங்க, கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் நிறுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் தோன்றியது. ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. கரையில் அண்ணியின் மஞ்சள் புடவை தெரிந்தது. தூண்டிலைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அது அண்ணியா வேறு யாராவதா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை நிமிர்ந்தபோது மஞ்சளே இல்லை. நான் நகர்ந்ததாக என் உடம்புக்குத் தெரியவே இல்லை.

"தரைக்காத்தும்மா. அப்டித்தான் வெளிய தள்ளும்" என்றார் அவர். பிறகு கயாக்கைத் திருப்பினார். நானும் துடுப்பு போட்டேன். தோள் எரிந்தது. ஆனால் கரை இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவில் தூண்டில் சுண்டி இழுத்தது, ஏதோ மாட்டியிருக்கிறது. தூண்டில் நரம்பை அறுத்துவிடச் சொன்னேன்.

போலீஸ் சொன்னபோது நான் நம்பவில்லை அண்ணா. யூசுப் அண்ணன் அழுதபோதும் முழுதாக நம்பவில்லை. என் தோள் வலித்தபோதுதான் நம்பினேன். எனக்குத் துணைக்கு ஒருவர் இருந்தார். உனக்கு யாரும் இல்லை. எவ்வளவு நேரம் துடுப்பு போட்டாய்? எப்போது நிறுத்தினாய்?

கரையில் இறங்கியதும் அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணன் இனிமே இல்ல, அண்ணி" என்றேன். அவ்வளவு நாளில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையாட்டினாள். மணலில் உட்கார்ந்தாள். பிறகு, "அத்தைகிட்டயும் இதே மாதிரி சொல்லிடு" என்றாள்.

சொன்னேன் அண்ணா. அடுத்த வாரம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணனுக்குச் செய்ய வேண்டியத செஞ்சிடலாம்மா" என்றேன். அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்திருந்தேன். அம்மா முறத்தை நிறுத்தவே இல்லை.

"உங்கப்பா போன மூணாம் நாளே என் கனவுல வந்து நின்னாரு. 'காலு குளிருதுடி'ன்னாரு. எங்கம்மா வந்துச்சு. பக்கத்து வூட்டுக் கெழவி, உயிரோட இருந்தப்போ என்கூட பேசாதவ, அவகூட வந்து கொஞ்சம் புளி கேட்டா. நான் பெத்த புள்ள வரலியே. செத்திருந்தா என்கிட்ட வராம எங்கடி போவான்?"

"என் கனவுல வந்தான்மா."

"நீ அவனையே நெனச்சுக்கினு படுக்கற. அது கணக்கு இல்ல."

"அண்ணியாவது போகட்டும்மா."

"அவன் வந்து என் பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் இன்னாடி சொல்றது?"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணி கதவைச் சாத்திக்கொண்டாள். அது வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலமும் அம்மா அவளுக்குப் பூ வைத்துவிட்டாள்.

அண்ணா, ஒரு வாக்கு தருகிறேன். அண்ணியை நானே பஸ்ஸில் கூட்டிப்போய் அவள் அம்மா வீட்டில் விட்டுவிடுவேன். அம்மா என்னோடு பேசாமல் போனாலும் சரி. அதன் பிறகு அம்மாவைத் தனியாக விடமாட்டேன். யூசுப் அண்ணனிடமும், அவர் மேல் தப்பில்லை என்று சொல்வேன். அவர் நம்பமாட்டார், ஆனாலும் சொல்வேன்.

ஒன்றைக் கேட்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்தேன். செத்துப்போன உன்னையே மறுபடியும் வேலை வாங்குவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. இது நடக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை அம்மாவின் கனவில் வா. சோறு கேள். இல்லை, குளிருது என்று சொல். ஒன்றும் பேசாமல் ஈரத் துணியோடு நின்றால்கூடப் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். அம்மா இன்னும் அழவே இல்லை அண்ணா. வந்து அவளை அழ வை.

உன் கூடப் பிறந்தவள்,
வனிதா